அத்தை வீட்டுப் பூவரசில் பிடித்த தேமல்

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் ரோட்டில், உப்புக்காற்று முகத்தில் ஒட்ட ஆரம்பிக்கிற இடத்தில் அத்தை வீடு. கொல்லையில் ஒரு பூவரசு நிற்கிறது. சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியிருக்கிறோம், கொழுக்கட்டை அவிக்க இலை பறித்திருக்கிறோம். அடிமரத்தை மட்டும் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. 2022 பொங்கலுக்குப் போயிருந்தபோது, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டே மரத்தைப் பார்த்தேன். பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய சாம்பல் திட்டுகள். ஒவ்வொரு திட்டின் மேலும் குட்டி குட்டியாகக் கறுப்புக் கிறுக்கல்கள். பனையோலையில் எழுத்தாணியால் கீறிக் கரி தடவினால் எப்படி இருக்குமோ அப்படி.

“அது மரத்துக்குப் பிடிச்ச தேமல்யா. ரொம்ப வருஷமா இருக்கு. ஒன்னும் பண்ணாது” என்றார் அத்தை.

அத்தை சொன்னது முக்கால்வாசி சரி. தேமலும் பூஞ்சை, இதுவும் பூஞ்சை. ஆனால் இது மரத்தைத் தின்பதில்லை. பட்டையில் இடம் மட்டும் பிடித்துக்கொண்டு, தனக்குள்ளே ஒரு பாசியைக் குடிவைத்து, அந்தப் பாசி வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் பிழைக்கிறது. இந்தக் கூட்டுக் குடித்தனம்தான் லைக்கன். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் இதே கூட்டம்தான். அது மலையில் இலை மாதிரி விரிந்து வளர்வது, இது பட்டையோடு பட்டையாக அப்பிக்கொள்வது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். அடியில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பச்சை. டிரென்டிபோலியா என்ற பாசி இருந்தால் இந்த நிறம் வரும். பச்சைப்பாசி இனம்தான், ஆனால் உடம்பில் கரோட்டின் சேர்த்து வைத்திருப்பதால் பச்சையாகத் தெரியாது. அதோடு கறுப்புக் கிறுக்கலும் சேர்ந்தால், பேரினம் கிராஃபிஸ் என்று ஒரு ஊகம் வைத்துக்கொள்ளலாம். 1753ல் லின்னேயஸ் இந்த வகையில் ஒன்றுக்கு ‘எழுதப்பட்ட லைக்கன்’ என்ற அர்த்தத்தில்தான் பெயர் வைத்தார்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன். இராமநாதபுரம் என்றாலே உடைமரம், பனை, சீமைக்கருவேலம், வெயில். லைக்கன் தேட கொடைக்கானலுக்குப் போவார்கள், சேதுக்கரைக்கு யாரும் வருவதில்லை. ஆனால் பச்சைப்பாசி உள்ள லைக்கனுக்கு மழையே வேண்டும் என்றில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே உணவு தயாரிக்கும். வருஷத்தில் மூன்று மாதம் மழை பெய்கிற ஊரில், மிச்ச ஒன்பது மாதமும் கடல் காற்று இதற்குப் படி அளக்கிறது.

மறுநாள் காலை உளி, சுத்தியல், பத்து மடங்கு கைலென்ஸ், பழைய தினசரித்தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பூவரசம் பட்டை லேசில் மசியாது. உள்பட்டை முழுக்க நார். வேம்பில் தட்டுகிற மாதிரி உளியை நேராக வைத்துத் தட்டினால் பட்டை பெயராமல் நார்நாராகக் கிழியும், மேலே உள்ள திட்டு நொறுங்கும். உளியைப் படுக்கப் போட்டு, மரத்தோடு ஒட்டி, மெதுவாகத் தள்ள வேண்டும். முதல் இரண்டு துண்டு பாழ். மூன்றாவது, தீப்பெட்டி அகலத்தில் முழுசாக வந்தது. அப்படி ஐந்து துண்டு எடுத்தேன். மாமா தூரத்தில் நின்று, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். தாளில் மடித்து, நிழலில் உலர்த்தி, அப்புறம் ஏ4 தாளில் பொட்டலம் மடித்து, எடுத்த தேதி, இடம், மரம், தரையிலிருந்து எத்தனை அடி உயரம், ஜி.பி.எஸ். எண் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதவேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கவரில் கட்டி மூன்று நாள் ஃப்ரீஸரில் வைத்தேன், உள்ளே இருக்கும் பூச்சி முட்டைகள் சாக. விளைமீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் மரப்பட்டையைப் பார்த்துவிட்டு வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை.

இனி பிளேடு வேலை. லைக்கன் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் பிளேடு வேலைதான். முகம் மழிக்கிற பிளேடை இரண்டாக ஒடித்துக்கொள்ளவேண்டும். அந்தக் கறுப்புக் கிறுக்கல் ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அரை நிமிஷம் ஊறவிட்டு, குறுக்கே வெட்டவேண்டும். கிறுக்கலின் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அகலம் அதில் பத்தில் ஒரு பங்கு. அதைத் தலைமுடியை விட மெல்லிசாக அரிய வேண்டும். காய்ந்தபடியே வெட்டினால் கரித்தூளாக உதிரும். ரொம்ப ஊறினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு நாளைக்கு இருபது வெட்டினால் மூன்று தேறும். நல்ல வெட்டு ஒன்று ஸ்லைடில் விழுந்துவிட்டால் அது தனி அழகு. இரண்டு பக்கமும் கரி பிடித்த சுவர்கள், கடைக்கால் தோண்டிய பள்ளம் போல நடுவில் ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள் நெருக்கமாக நின்றுகொண்டிருக்கும் நிறமில்லாத பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஸ்போர்கள், அதாவது பூஞ்சையின் வித்துகள், வெண்டைக்காயைக் குறுக்கே தடுத்து வைத்த மாதிரி அறை அறையாக.

கவர் ஸ்லிப் ஓரத்தில் லூகால் அயோடின் ஒரு சொட்டு வைத்து, எதிர்ப் பக்கம் வடிதாளால் உறிஞ்சினேன். மஞ்சள் திரவம் மெதுவாக உள்ளே நகர்ந்தது. அது தொட்ட ஸ்போர்கள் ஒவ்வொன்றாக நாவற்பழ நிறத்துக்கு மாறின. இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. கிராஃபிஸ்தான். ஊகம் ஊர்ஜிதமாயிற்று.

பேரினம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். முழு வேலையும் அதற்கு அப்புறம்தான். இந்திய, நேபாள, இலங்கை நுண்லைக்கன்களுக்கு லைக்கன் ஆய்வாளர் டி.டி.அவஸ்தி 1991ல் ஒரு திறவுகோல் போட்டுக் கொடுத்திருக்கிறார், கேள்வி கேள்வியாகக் கேட்டு இனத்தின் பெயரில் கொண்டுபோய் விடுகிற பட்டியல். கிராஃபிஸுக்கு மட்டும் உலகளவில் லூக்கிங், ஆர்ச்சர், ஆப்ட்ரூட் மூவரும் 2009ல் ஒரு திறவுகோல் வெளியிட்டார்கள். அதில் 330 இனங்கள். அதற்குப் பிறகு வந்தவை வேறு, கட்டுரை கட்டுரையாகச் சிதறிக் கிடக்கின்றன. புது இனம் என்று சொல்வதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்பது போதாது. ஏற்கெனவே பெயர் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு, நீ இல்லை, நீ இல்லை என்று ஒவ்வொருவராக வாசல் வரை கொண்டுபோய் விடவேண்டும். ஒருவர் மிச்சம் நின்றாலும் கதை முடிந்தது.

திறவுகோல் கேட்கிற கேள்விகள் இப்படிப் போகும். கிறுக்கலின் உதடுகள் மழுமழுவென்று இருக்கின்றனவா, கோடு கோடாக இருக்கின்றனவா? கரிச்சுவர் பக்கத்தில் மட்டுமா, அடியிலும் மூடியிருக்கிறதா? பைகள் நிற்கிற அடுக்கு தெளிவா, எண்ணெய்த் துளி கலந்ததா? ஸ்போரில் குறுக்குத் தடுப்பு மட்டுமா, நெடுக்கிலும் உண்டா? நீளம் எத்தனை மைக்ரான்? என்ன அமிலம்?

நான் ஐந்தாவது கேள்வியில் விழுந்தேன்.

ஐபீஸுக்குள் நூறு கோடு போட்ட கண்ணாடி வில்லை ஒன்று இருக்கும், ஆகுலர் மைக்ரோமீட்டர். அந்தக் கோடு ஒன்றுக்கு எத்தனை மைக்ரான் என்று, ஸ்டேஜில் வைக்கிற அளவு ஸ்லைடை வைத்து முதலில் கணக்குப் பண்ணிக்கொள்ளவேண்டும். எங்கள் ஆய்வகத்துப் பழைய ஒற்றைக்குழல் மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கு லென்ஸுக்கு ஒரு கோடு 2.5 மைக்ரான். அதன் உடம்பிலேயே யாரோ ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்து எல்லோரும் அந்த 2.5ஐத்தான் பெருக்கிக்கொண்டிருந்தோம். பெருக்கல் வாய்பாடு மாதிரி அது மனசில் உட்கார்ந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரட்டைக்குழல் மைக்ராஸ்கோப்பை எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. கோடு போட்ட ஐபீஸைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் சொருகினேன். சரியாகப் பொருந்தியது. பொருந்தியதே வினை. ஸ்போர் ஒன்று 16 கோடு நீளம். 16 பெருக்கல் 2.5, நாற்பது மைக்ரான். பிப்ரவரியிலிருந்து மே வரை 120 ஸ்போர் அளந்தேன். திறவுகோலில் பக்கத்தில் வந்து நின்ற இரண்டு இனங்களுக்கும் 35க்கு மேல் போகவில்லை. என்னுடையது நாற்பதைச் சுற்றியே நின்றது. சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நினைத்தேன். அந்த ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டு, “உங்க மரத்துல இருக்கிறது உலகத்துல வேற எங்கயும் இல்லாதது” என்று சொல்லியும்விட்டேன். அளந்தவன் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஜூலையில் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி மகரந்தம் அளக்க அதே மைக்ராஸ்கோப்பைக் கேட்டாள். கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

“சார், இதுல நாப்பதுல வச்சா ஒரு கோடு ரெண்டு மைக்ரான்தான் வருது. ரெண்டரை வரலை.”

“ஸ்டேஜ் ஸ்லைடு சரியா ஃபோகஸ் ஆகலையோ என்னமோ, நல்லா பாரும்மா.”

“மூணு தடவை பாத்துட்டேன் சார். நீங்க ஒரு தடவை பாருங்க.”

பார்த்தேன். ஐபீஸில் நூறு கோடு, ஸ்டேஜ் ஸ்லைடில் இருபது கோட்டோடு பொருந்தி நின்றது. ஸ்டேஜ் ஸ்லைடில் ஒரு கோடு பத்து மைக்ரான். இருநூறை நூறால் வகுத்தால் இரண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகூட போடுகிற கணக்கு. இரட்டைக்குழல் தலைக்குள் படத்தை இரண்டு கண்ணுக்கும் பிரித்து அனுப்புகிற அமைப்பு இருக்கிறது. எங்கள் மாடலில் அது போகிற போக்கில் படத்தை இன்னும் 1.25 மடங்கு பெரிதாக்கிவிடுகிறது. படம் பெரிதானால் ஒரு கோடு மூடுகிற தூரம் குறையும். 2.5ஐ 1.25ஆல் வகுத்தால் 2. என் நாற்பது மைக்ரான் உண்மையில் முப்பத்திரண்டு. 120 ஸ்போரும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிப்போய், திறவுகோலில் இருந்த அந்த இரண்டு இனங்களின் மடியில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன.

ஒரு ஆறுதல், பிழை ஒரே அளவானதால் எல்லா எண்ணையும் 0.8ஆல் பெருக்கினால் போதும். பெருக்கினேன். பெருக்கிய பிறகும் நம்பிக்கை வரவில்லை; முப்பது ஸ்போரை மறுபடி அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு மைக்ராஸ்கோப்புக்கும் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக அளந்து எழுதி ஒட்டினாள் அந்த மாணவி. மாமாவுக்குத் திரும்பப் போன் பண்ணவில்லை.

நான்கு மாதம் பொட்டலங்கள் அலமாரியில் தூங்கின. அந்த நேரத்தில் வந்தது 2023 பொங்கல். அத்தை வீட்டுக்குப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தால், பூவரசு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மாமா, வாளியில் மிச்சம் இருந்ததைத் தரையிலிருந்து மார்பளவுக்கு மரத்துக்கும் பூசி, மேலே ஒரு காவிப்பட்டையும் இழுத்திருந்தார். லைக்கனுக்குக் காரம் விட்டுப் பார்ப்பது எங்கள் சோதனைகளில் ஒன்று. மாமா மரம் முழுக்கச் செய்துவிட்டார்.

“நீதான் ஒன்னும் இல்லாததுன்னுட்டுப் போயிட்டியே, ஒரு போனும் இல்ல” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவர் அப்படி எடுத்துக்கொண்டார், அது நியாயம்தான். காவிப்பட்டைக்கு மேலே, முதல் கிளை பிரிகிற இடத்தில், மூன்று திட்டு தப்பியிருந்தன. ஏணி வைத்து ஏறி ஒன்றில் பாதியை மட்டும் எடுத்தேன்.

அந்தப் புதுத் துண்டுதான் வழியைத் திருப்பிவிட்டது. இதுவரை வெட்டிய எல்லாவற்றையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு வெளுக்க வைத்தே பார்த்திருந்தேன், கரி நிறம் மறைக்காமல் இருக்க. அன்றைக்கு வீட்டில் அந்தப் புட்டி இல்லை. வெறும் தண்ணீரில் வைத்தேன். பைகள் நிற்கிற அடுக்கு தெளிவாக இல்லை. ரசத்தின் மேல் மிதக்கிற தாளிப்பு எண்ணெய் போல, மிக நுண்ணிய துளிகள் அடுக்கு முழுக்க மிதந்தன. எண்ணெய்த் துளி உண்டா இல்லையா என்பது திறவுகோலின் மூன்றாவது கேள்வி. நான் ‘தெளிவு’ என்று போட்டுத் தாண்டி வந்திருந்தேன். அதாவது என்னுடைய ஐந்தாவது பதில் தப்பு, மூன்றாவது பதிலும் தப்பு. ஐந்தாவதைத் திருத்திய பிறகும் என்னை அந்த இரண்டு இனங்களின் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது இந்த மூன்றாவது தப்புதான்.

வயசான கிறுக்கலில் மட்டும் துளிகள் இருக்கின்றனவா என்று இளசு, முற்றல் எல்லாவற்றிலும் வெட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தன. மறுபடி முதலிலிருந்து, ஒரு கேள்வியையும் தாவாமல்.

அடுத்தது அமிலம். லைக்கன்கள் தங்களுக்கென்று சில அமிலங்களைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. வேறு எந்த உயிரிலும் பார்ப்பது அரிது. பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு வைத்தால், இது முதலில் மஞ்சளாகி, அரை நிமிஷத்தில் வெற்றிலைச் சாறு மாதிரி சிவந்தது. அதையே மைக்ராஸ்கோப்பின் கீழ் செய்தால், துண்டின் ஓரத்தில் சிவப்பு ஊசிகள் முளைத்துக் கொத்துக் கொத்தாக விரியும். நார்ஸ்டிக்டிக் அமிலம் இருந்தால் இப்படி. பாரா-ஃபினைலின்டையமின் சோதனையும் உண்டு. தலைச்சாயத்தில் இருக்கும் அதே சரக்கு, விஷம். கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள்.

சொட்டு வைத்துப் பார்ப்பது சாட்சி, மெல்லடுக்கு வண்ணப்படிவுப் பிரிகைதான் தீர்ப்பு. அசிட்டோனில் சாறெடுத்து, சிலிக்கா பூசிய தகட்டில் புள்ளி வைத்து, டொலுவீன், டையாக்ஸேன், அசிட்டிக் அமிலம் மூன்றையும் 180, 60, 8 என்ற விகிதத்தில் கலந்து ஏறவிட வேண்டும். ஏறி முடித்ததும் பத்து சதவீதக் கந்தக அமிலம் தெளித்து, 110 டிகிரியில் சூடாக்கினால் புள்ளிகள் நிறம் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த சரக்கு இரண்டு பக்கத்தில் ஓட வேண்டும், அட்ரனோரின் ஒன்று, நார்ஸ்டிக்டிக் ஒன்று. நார்ஸ்டிக்டிக் உள்ள லைக்கன் துண்டு ஒன்றை நண்பர் தபாலில் அனுப்பினார். அட்ரனோரினுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். கல்பாசியின் மேல்தோலில் அட்ரனோரின் உண்டு. செட்டிநாட்டு மசாலாவுக்கு வாங்கி வைத்ததில் நாலு இதழ் ஆய்வகத்துக்குப் போயிற்று. தகட்டில் அட்ரனோரின் புள்ளி உச்சிக்குப் பக்கத்தில் பளிச்சென்று விழுந்தது. நம்முடையதில் நார்ஸ்டிக்டிக் மஞ்சள் புள்ளி, தபாலில் வந்ததற்கு நேர் பக்கத்தில், ஒரே மட்டத்தில்.

எண்ணெய்த் துளி, நார்ஸ்டிக்டிக், முப்பத்திரண்டு மைக்ரான், கரிச்சுவரின் அமைப்பு. இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு திறவுகோலில் இறங்கினால், கடைசிப் படியில் யாரும் நிற்கவில்லை. முதலில் நீளத்தை வைத்துப் புதுசு என்று குதித்தேன். அந்தக் காரணம் பொய். புதுசுதான், ஆனால் வேறு காரணத்துக்காக. இந்த முறை யாருக்கும் போன் பண்ணவில்லை.

ஒரே மரத்தை வைத்து இனம் சொன்னால் கட்டுரையைப் பரிசீலிக்கிற எந்த நடுவரும் விடமாட்டார், அந்த மரமும் சுண்ணாம்புக்குள் நின்றுகொண்டிருந்தது. 2023 முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் அலைந்தேன். தேவிபட்டினம், உப்பூர், தொண்டி வரை வடக்கே. மண்டபம் வரை கிழக்கே. ஏர்வாடி, வாலிநோக்கம் வரை தெற்கே. பூவரசு கண்ட இடமெல்லாம் நின்றேன். இரண்டு இடத்தில் என்னை ஆடு திருட வந்தவனாக விசாரித்தார்கள். பனைமரத்தில் சாம்பல் ரோஜா மாதிரி ஒட்டியிருந்த ஒன்று புற ஊதா விளக்கில் மஞ்சளாக ஒளிர்ந்து ஆசை காட்டியது. பிக்சின் கோகோயஸ், வெப்பநாடு முழுக்கப் பரவிக் கிடக்கிற பழைய ஆள். மரக்கிளையில் தாடி மாதிரி தொங்குகிற ரோசெல்லாவையும் பார்த்தேன். அதன் சொந்தக்கார இனங்களிலிருந்துதான் லிட்மஸ் சாயமே எடுத்தார்கள். நம்ம தேமல் மட்டும் கண்ணில் படவில்லை. கடைசியில் பெரியபட்டினத்தில், தோப்பு வேலிக்கு நட்டு மரமாகிப்போன பூவரசு வரிசையில், நான்கு மரத்தில் இருந்தது. தோப்புக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “எடுத்துக்கங்க தம்பி, மரத்த மட்டும் வெட்டிராதீய” என்றார்.

கடலோர அலையாத்திக் காட்டுக்குள்ளோ மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள்ளோ இப்படி உளியோடு போக முடியாது. 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலையும் எடுக்கக் கூடாது. சொந்தக்காரர் கொல்லையும் தெரிந்தவர் தோப்பும் எனக்கு அந்த விதத்தில் சௌகரியம்.

2024ல் டி.என்.ஏ. பார்த்தோம். முதல் தடவை வந்த வரிசை, கிளாடோஸ்போரியம் என்ற சாதாரணப் பூசணத்தோடு அச்சாகப் பொருந்தியது. பட்டையில் ஒட்டியிருந்த ஊரான் பூசணத்தைப் படித்துத் தந்திருக்கிறார்கள். அனுப்பிய துண்டே அழுக்கு, தப்பு என்னுடையது. இரண்டாவது முறை திட்டைத் தொடாமல், கிறுக்கல்களை மட்டும் ஊசி முனையால் நோண்டி, அசிட்டோனில் கழுவி, எட்டுக் கிறுக்கலைச் சேர்த்து ஒரு குழாயில் போட்டு அனுப்பினோம். அதில் மைட்டோகாண்ட்ரியா வரிசை சுத்தமாக வந்தது. கிராஃபிஸ் இனங்களின் வம்சாவளி வரைபடத்தில் தனிக் கிளையாகப் பிரிந்து நின்றது. நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளையும், அதாவது அவற்றுக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய மாதிரிகளையும், பார்த்தாக வேண்டும். தனி ஆளுக்கு யாரும் தபாலில் தரமாட்டார்கள், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குத்தான் கடன் கொடுப்பார்கள். நல்ல வேளையாக ஒன்றுக்கு உயர்தரப் படம் இணையத்தில் கிடைத்தது. இன்னொன்று பொட்டலமாகவே வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பிப் போயிற்று. அதன் ஒரே ஒரு கிறுக்கலை வெட்ட அனுமதி கேட்டு வாங்கி வெட்டியபோது கை நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன். தெளிவான அடுக்கு. ஒரு துளி எண்ணெய்கூட இல்லை.

மிச்சம் காகித வேலை. 2012க்கு முன்னால் என்றால் புது இனத்தின் குறிப்பை லத்தீனில் எழுதியிருக்க வேண்டும். இப்போது ஆங்கிலத்திலும் எழுதலாம். 2013 முதல் பூஞ்சைப் பெயர்களுக்கு மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. லைக்கனுக்கு வைக்கிற பெயர் அதில் உள்ள பூஞ்சைக்குத்தான் சேரும், பாசிக்கு அதன் சொந்தப் பெயர் தனியாக இருக்கிறது. நம் நாட்டில் இன்னொன்றும் உண்டு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி, புது இனம் கண்டுபிடித்தவர் அதற்கென்று அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தகவல் சொல்லி, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். காவிப்பட்டைக்கு மேலிருந்து ஏணியில் ஏறி எடுத்த அந்தப் பாதித் திட்டுதான் மூல மாதிரி. 2022ல் எடுத்ததில் நன்றாக இருந்த துண்டுகளை எல்லாம் நானே வெட்டித் தீர்த்துவிட்டேன்.

பெயரை இங்கே சொல்லமாட்டேன். முறைப்படி வெளியாவதற்கு முன் பெயரை அங்கே இங்கே எழுதிவிட்டால் அது அனாதைப் பெயராகச் சுற்றித் திரிந்து, பிற்பாடு வருகிறவர்களைக் குழப்பும். இடத்தின் பெயரோடு ‘என்சிஸ்’ சேர்ப்பது வழக்கம். இராமநாதபுரத்தோடு சேர்த்துப் பார்த்தோம், ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை. மரத்தின் பெயரால் வைக்கலாம் என்றால், நாளைக்கு வேம்பிலும் இருந்து தொலைத்தால் சங்கடம். அத்தை கேட்டார்: “ஏய்யா, தேமல்னே வச்சா என்ன?” லத்தீனில் அதற்கு ஒரு சொல் பார்த்தோம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கட்டுரை நடுவர்களிடம் ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டது. ஒருவர் கேட்ட முதல் கேள்வி, ஸ்போர் அளவுக்கு மைக்ராஸ்கோப்பை எப்படி அளவு திருத்தினீர்கள் என்பதுதான். அந்தப் பத்தியை மாணவியையே எழுதச் சொன்னேன். கட்டுரையில் அவள் பெயர் இரண்டாவது.

இந்தப் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். பூவரசுக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்திருந்தது. காவிப்பட்டை இந்த முறை இன்னும் உயரம், முதல் கிளையைத் தாண்டி. எனக்குத் திக்கென்றது. கிட்டே போய்ப் பார்த்தால், மூன்று திட்டும் இருந்த இடத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு கட்டம் விட்டு, நூல் பிடித்து, சுற்றிலும் தூரிகையால் ஓரம் கட்டிப் பூசியிருக்கிறார் மாமா. மரத்துக்கு ஜன்னல் வைத்த மாதிரி இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.